சும்மா நிற்கிற கால்

மார்ச் 3

என் நாத்தனாருக்கு,

பார்சலைப் பிரித்ததும் அலறிவிடாதே. உள்ளே இருப்பது என் கால்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் நீ செய்து கொடுத்த அதே வலது கால். துடைத்து, ஷூவோடு, பழைய போர்வையில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். கூரியர்காரர், "உள்ள என்னங்க?" என்றார். "கால்" என்றேன். "நாற்காலியோட காலா?" என்றார். தலையாட்டிவிட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன், நடுவில் உன் அண்ணன் மாட்டிக்கொண்டு முழிப்பார். கடிதத்தில் கத்த முடியாது. வேண்டுமானால் எழுத்தைப் பெரிதாகப் போடலாம், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாய். நான் ஊன்றுகோலோடு கதவைத் திறந்தேன். உன் கண் நேரே கீழே போனது. அப்புறம் நாற்காலி போட்டு ஏறி, அலமாரிக்கு மேலிருந்த காலை இறக்கினாய். மாடி வீட்டு அம்மா வாசலில் நிற்கும்போதே கேட்டாய்: "எட்டு மாசமா இதைத்தான் செஞ்சீங்களா அண்ணி? உங்களுக்கு அருமை தெரியல." ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாய்.

பதினெட்டு வருடமாகத் துணி வெட்டுகிறவள் நான். ஒரு சாண் துணி வீணாகப் போனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. எனக்கா அருமை தெரியாது? அந்த வார்த்தை இன்னும் குத்திக்கொண்டே இருக்கிறது.

இதை அருமை தெரிந்தவர் யாருக்காவது கொடு. எனக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த பழைய கால் போதும். ஐந்து காலுறையைத் திணித்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறேன். அதுவும் ரொம்ப நாளைக்கு இல்லை. மத்தியானத்துக்கு மேல் நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை மேனேஜர் பார்த்துவிட்டார். ஜூன் மாதத்திலிருந்து பட்டன் பிரிவில் உட்கார்ந்து வேலை பார்க்கச் சொல்கிறார். கட்டிங் மாஸ்டர் என்று பேர் வாங்கிய கை பட்டன் பொறுக்கப் போகிறது. "உக்காந்து பாரேன், நல்லதுதானே" என்கிறார் உன் அண்ணன். லாரி மோதிக் கால் போனபோதுகூட நான் இப்படி அழவில்லை.

உன் அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

கால் வந்து சேர்ந்தது. பட்டறையில் ஆறு பேர் சுற்றி நிற்கும்போது பிரித்தேன். மானம் போயிற்று.

கோபத்தோடுதான் எழுதுகிறேன், மறைக்க விரும்பவில்லை. மாதா மாதம் உங்களுக்கு ஒரு படிவம் அனுப்பினேன். "சாக்கெட் எப்படி இருக்கிறது?" ஒரே கேள்வி. நன்றாக இருக்கிறது, பரவாயில்லை, வலிக்கிறது என்று மூன்று கட்டம். எட்டு மாதமும் நடுக்கட்டத்தில் டிக் போட்டீர்கள். வலிக்கிறது என்று ஒரு கட்டம் கண்ணெதிரே இருந்ததே, அதில் போட உங்களை யார் தடுத்தது?

அந்த சாக்கெட் எனக்குச் சும்மா வந்துவிடவில்லை. மிச்சக் கால் போய் உட்காருகிற கிண்ணம் காலையில் கச்சிதமாக இருக்கும், மத்தியானம் தொளதொளத்துவிடும். நிற்க நிற்கக் கால் வற்றும், ஆனால் கிண்ணம் வற்றாது. எல்லோரும் காலுறையைத் திணித்துத்தான் சமாளிக்கிறார்கள். அது வேண்டாம் என்றுதான் கிண்ணத்தில் இரண்டு ஜன்னல் வெட்டி, அசைகிற தகடு பொருத்தி, கம்பி கோத்து, முட்டிக்குக் கீழே முன்பக்கம் ஒரு திருகு வைத்தேன். அழுத்தித் திருப்பினால் இறுகும். வெளியே இழுத்தால் தளரும். இதைவிட எளிதாக ஒருவரால் செய்ய முடியாது என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

இருபத்து மூன்று பேருக்கு இந்தக் காலைக் கொடுத்தோம். பத்தொன்பது பேர் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையைத்தான் ஜூன் மாதம், இந்தக் காலை எல்லோருக்கும் கொடுக்க அனுமதி தருகிற குழுவின் முன்னால் வைக்கப் போகிறேன்.

நேற்று உங்கள் திருகைக் கழற்றிப் பார்த்தேன். நான் தடவிய கிரீஸ் தடவியபடி இருக்கிறது. ஒரு பல்லில்கூடத் தேய்மானம் இல்லை. எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட நீங்கள் அதைத் தொடவே இல்லை, அண்ணி. ஏன்?

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். எழுதாவிட்டால் மறுபடி வந்து வாசலில் நிற்பேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 15

பொறியாளர் அம்மாவுக்கு,

ஏன் என்று கேட்டாய் அல்லவா, கேட்டுக்கொள்.

எங்கள் வெட்டு மேஜை பதினைந்து கஜ நீளம். அதைச் சுற்றிப் பதினோரு ஆண்களும் நானும். மேஜையில் எண்பது அடுக்குத் துணி விரித்திருக்கும். என் இடது கையில் கத்தி படாமல் இருக்க இரும்பு வலைக் கையுறை. வலது கையில் துணி வெட்டுகிற மெஷின். உன் திருகு இருப்பது முட்டிக்குக் கீழே, முன்பக்கம். அதை நான் திருப்ப வேண்டும் என்றால் மெஷினை நிறுத்த வேண்டும், கையுறையைக் கழற்ற வேண்டும், குனிய வேண்டும், பதினோரு பேர் பார்க்கப் பாவாடையை முட்டி வரைக்கும் தூக்க வேண்டும். உன் பட்டறையில் எல்லோரும் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு சோதனை செய்திருப்பீர்கள்.

அதோடு சத்தம் வேறு. ஒரே ஒரு நாள், வீட்டில் தனியாக இருக்கும்போது தொடலாம் என்று பக்கத்தில் கை கொண்டுபோனேன். கொடுத்த அன்றைக்கு நீ திருப்பிக் காட்டியபோது டிக் டிக் டிக் என்று கேட்டதே, அது ஞாபகம் வந்தது. மெஷின் நின்றால் எங்கள் கூடத்தில் ஊசி விழுந்தாலும் கேட்கும். "என்ன மாஸ்டர், சாவி குடுக்கிறீங்களா?" என்று எவனாவது கேட்பான். கையை எடுத்துவிட்டேன்.

அப்புறம் அந்தப் பரவாயில்லை. ஏண்டி, நீ தமிழச்சிதானே? பஸ்ஸில் ஒருத்தன் உன் காலை நன்றாக மிதித்துவிட்டு "ஐயோ, தெரியாம மிதிச்சுட்டேன்" என்கிறான். நீ என்ன சொல்லுவாய்? "பரவாயில்லைங்க" என்பாய். அப்படியென்றால் வலிக்கவில்லை என்றா அர்த்தம்? வலிக்கிறது, ஆனால் உன்னோடு சண்டை போட எனக்கு மனசில்லை என்று அர்த்தம். எட்டு மாதமும் நான் அந்த அர்த்தத்தில்தான் டிக் போட்டேன்.

வலிக்கிறது என்று எப்படிப் போடுவேன்? உன் அண்ணன் வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் தங்கச்சி செஞ்ச கால், நடந்து காட்டு" என்று என்னை நடக்கவிட்டு வேடிக்கை காட்டுவார். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. நாத்தனார் செய்த பொருளைக் குறை சொன்ன அண்ணி என்று பேர் வாங்கவும் எனக்கு இஷ்டமில்லை. புண்ணில் மருந்து போட்டுக்கொண்டு சிரித்தேன். கடைசியில் முடியவில்லை, அலமாரிக்கு மேலே வைத்தேன்.

சொல்லிவிட்டேன். இப்போது மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

அண்ணி


மார்ச் 26

அண்ணி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம். இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது, சாவி கொடுக்கிற இடத்தில். மூன்றாம் தடவை உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் அந்தப் பத்தொன்பது பேரில் உங்களைத் தவிர எல்லோருக்கும் போன் போட்டேன். படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, "இன்னைக்குக் காலையில எந்தக் காலைப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டேன். லாரி ஓட்டுகிறவர் ஒருவர், "பரவாயில்ல மேடம், நல்லாத்தான் இருக்கு, ரெண்டு மாசமா போடல" என்றார். ஒரே மூச்சில் சொன்னார், அண்ணி! ஒரு டீச்சர், வகுப்பில் குனிந்து திருப்பினால் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று திருப்புவதையே விட்டுவிட்டாராம். உங்களோடு சேர்த்துப் பத்தொன்பதில் பன்னிரண்டு பேர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு பேரும் பரவாயில்லை என்று எழுதியவர்கள்.

அந்த நடுக்கட்டத்துக்கு அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். எளிமையாக, எல்லோருக்கும் புரிகிற மாதிரி இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்தேன்.

எங்கள் தலைவரிடம் போய், ஜூன் கூட்டத்துக்கு அனுப்பிய அறிக்கை தப்பு என்று சொன்னேன். "கண்டுபிடிச்சது யாரு?" என்றார். "எங்க அண்ணி" என்றேன். "இப்போ வாபஸ் வாங்கினா அடுத்த கூட்டம் டிசம்பர்லதான்" என்றார். இரண்டு வருட உழைப்பு. என் கையாலேயே வாபஸ் கடிதம் எழுதிக் கொடுத்தேன். தலை நிமிர்ந்துதான் வெளியே வந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாடி வீட்டு அம்மா முன்னால் உங்களைப் பேசியது தப்பு. மன்னித்துவிடுங்கள். இதற்கும் பரவாயில்லை என்று எழுதிவிடாதீர்கள், எனக்கு இனி அந்த வார்த்தையில் நம்பிக்கை இல்லை.

உங்கள் ஒரு நாளை எனக்கு எழுதுங்கள். காலை முதல் வேலை முடிகிற வரைக்கும், எத்தனை மணிக்குக் கால் என்ன செய்கிறது, கை என்ன செய்கிறது, எல்லாம் வேண்டும். திருகை எங்கே வைக்கட்டும்?

நாத்தனார்


ஏப்ரல் 4

அடி என் ராசாத்தி,

இரண்டு வருட உழைப்பை வாபஸ் வாங்கினாயா? படித்ததும் உன் அண்ணனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். பாதியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். தூசி என்றார்.

என் நாள் இதுதான். ஏழு மணிக்குக் காலை மாட்டினால் இடிக்கும், உள்ளே போகவே மல்லுக்கட்ட வேண்டும். எட்டு மணிக்கு மேஜை. ஒன்பதரைக்குத்தான் சரியாக உட்காரும். அந்த ஒன்றரை மணி நேரம் ராஜபோகம். பதினொன்றுக்கு லேசாக ஆட ஆரம்பிக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் வாளிக்குள் காலை விட்ட மாதிரி. அடி வைத்தால் உள்ளே இறங்கி எலும்பு இடிக்கும். மூன்று மணிக்கு மேல் நான் துணியைப் பார்க்கிறேனா காலைப் பார்க்கிறேனா என்று எனக்கே தெரியாது.

கையைக் கேட்டாயே. நேர்க்கோடு வெட்டும்போது நிறுத்தலாம். சட்டையின் கைக்குழி வளைவில் கத்தி இறங்கிவிட்டால் நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் எண்பது அடுக்கிலும் பல்லுப் பல்லாக நிற்கும். அந்த நேரத்தில் வலது கை தள்ளுகிறது, இடது கை அழுத்துகிறது, கண் கோட்டில் இருக்கிறது. வலது கால் பொய்க்கால், அது பாரம் தாங்குகிறது. மேஜையில் வேலை இல்லாமல் சும்மா நிற்கிறது ஒன்றே ஒன்றுதான், அது என் இடது கால். கடவுள் கொடுத்த கால், சம்பளம் வாங்காமல் நிற்கிறது. அதற்கு ஒரு வேலை கொடு.

கணுக்கால் உயரத்தில், உள்பக்கமாக, ஒரு தட்டு வை. இடது காலால் ஒரு தட்டுத் தட்டினால் ஒரு பல் இறுக வேண்டும். குனிய வேண்டாம், துணியைத் தூக்க வேண்டாம், மெஷினை நிறுத்த வேண்டாம். பேட்டர்ன் காகிதத்தில் வெட்டி அனுப்பியிருக்கிறேன், பாதம், கணுக்கால், தட்டு வர வேண்டிய இடம் எல்லாம் குறி போட்டிருக்கிறேன். உன் கம்ப்யூட்டர் படத்தைவிடச் சரியாக இருக்கும்.

இன்னொன்று. வாய்க்கொழுப்பில் ஒரு காரியம் செய்துவிட்டேன். மேனேஜர் பட்டன் பிரிவுப் பேச்சை மறுபடி எடுத்தார். "ஒரு நாள் முழுக்க நின்னு வெட்டிக் காட்டறேன் சார். உக்காந்தாலோ மேஜையைப் பிடிச்சாலோ நானே பட்டனுக்குப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். ஜூன் பத்தாம் தேதி அங்கிருந்து ஒரு அதிகாரி வந்து நாள் முழுக்கப் பார்ப்பாராம். அவர் எழுதுகிறதுதான் முடிவு.

சொன்னது சொன்னதுதான். இனி உன் கையில் இருக்கிறது, என் காலிலும் இருக்கிறது.

அண்ணி


ஏப்ரல் 22

அண்ணி,

பார்சலில் புதுக் கால். உங்கள் காகிதப் பேட்டர்னை மேஜையில் விரித்தபோது பட்டறையே சிரித்தது. "என்னம்மா, காலுக்குக் கியர் போடறியா?" என்றார் எங்கள் தச்சர். அளந்து பார்த்தேன். அரை நூல்கூடத் தப்பில்லை. சிரித்தவர்களைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். அதற்கு அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

முன்பக்கத் திருகை எடுத்துவிட்டேன். கணுக்காலுக்கு மேல் உள்பக்கம் ஒரு சின்னத் தட்டு. இடது காலால் பக்கவாட்டில் தட்டினால் ஒரு பல் இறுகும். ஒரு பல் என்பது ஒரு தலைமுடி கனம்தான், அதனால் பயப்படாமல் தட்டுங்கள். தளர்த்துவதற்குப் பின்பக்கம் ஒரு கொக்கி.

படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். புதுப் படிவத்தில் இரண்டே கேள்வி. காலை எத்தனை மணிக்கு மாட்டினீர்கள்? எத்தனை மணிக்குக் கழற்றினீர்கள்? மணிக்கு வேறு அர்த்தம் கிடையாது.

திட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

நாத்தனார்


மே 3

மாட்டியது ஏழு மணி. கழற்றியது பத்தே முக்கால். எங்கே கழற்றினேன் தெரியுமா? பதினோரு ஆண்களுக்கு நடுவில், துணிச் சிப்பத்தின் மேல் உட்கார்ந்து.

திட்டச் சொன்னாயே, வாங்கிக்கொள். அறிவிருக்கிறதா உனக்கு? மனுஷி நடக்கும்போது ஒரு கால் இன்னொரு காலைத் தாண்டித்தானே போகும்? பத்தரைக்கு மேல் நூல் கிடங்கிலிருந்து மேஜைக்கு அவசரமாக நடந்து வந்தேன். ஒவ்வொரு அடிக்கும் இடது கால் போய் அந்தத் தட்டில் உரசியிருக்கிறது. உரச உரச இறுகியிருக்கிறது. மேஜைக்கு வந்து சேர்வதற்குள் முட்டிக்குக் கீழே உணர்ச்சியே இல்லை, யாரோ கயிறு போட்டுக் கட்டிய மாதிரி. தளர்த்துகிற கொக்கி பின்னால் இருக்கிறது, கை எட்டவில்லை. சிப்பத்தின் மேல் உட்கார்ந்து காலையே கழற்றிவிட்டேன்.

எதைச் செய்யக் கூடாது என்று எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனோ, அது நடந்துவிட்டது. மேஜையில் மூத்தவர், கத்தரி அண்ணன் என்போமே, அவர்தான் ஒரு துணியை இரண்டு கையாலும் விரித்துத் திரையாகப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி நின்றார். "எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாருங்கப்பா" என்றார். யாரும் திரும்பவில்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தாலா, அவர்கள் திரும்பாததாலா, தெரியவில்லை.

வீட்டில் உன் அண்ணன், "போதும், பட்டனுக்கே போ, இந்தக் காலைக் குப்பையில போடறேன்" என்று தூக்கிக்கொண்டு போனார். "கை வெச்சீங்கன்னா பாருங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு அம்மா இறங்கி வந்துவிட்டார். அந்தம்மாவுக்கு நம் வீட்டில் பொழுது நன்றாகப் போகிறது.

ஏன் போட விடவில்லை தெரியுமா? எட்டிலிருந்து பத்தரை வரைக்கும் மேஜையில் நின்றேன். இரண்டு தட்டுத் தட்டினேன். அந்த இரண்டரை மணி நேரமும் எனக்குக் கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. கால் போன இந்த மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை.

ஆகவே பொறியாளர் அம்மா, தையல் மெஷின் பெடலைப் பக்கவாட்டில் யாராவது இடிப்பார்களா? மேலிருந்து கீழே மிதிப்பார்கள். மேலிருந்து மிதித்தால் மட்டும் இறுகட்டும். உரசினால் சும்மா இருக்கட்டும். கால் கட்டை விரலால் கீழிருந்து நெம்பினால் தளரட்டும். இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

அண்ணி


மே 21

அண்ணி,

இரண்டு வார்த்தைதான், கூரியர் காத்திருக்கிறது.

உரசலை யோசிக்காதது என் தப்பு. நான் வெட்கப்பட்டது போதும் என்று தச்சர் சொல்கிறார். மிதித்தால் இறுகும். நெம்பினால் தளரும். சுற்றி ஒரு வரம்பு வைத்திருக்கிறேன், என்ன உரசினாலும் அசையாது. பல்லுக்கு அடியில் கம்பளித் துண்டு வைத்துச் சத்தத்தைக் கொன்றுவிட்டேன். நான்கு நாள் லாரிக்காரர் போட்டு ஓட்டிப் பார்த்தார். காலை ஆறு மணிக்கு மாட்டி மாலை ஏழு மணிக்குக் கழற்றியிருக்கிறார். அவர் எழுதிய இரண்டு எண்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

நானும் ஒரு நாள் முழுக்கப் பட்டறை மேஜையில் நின்று பார்த்தேன், உட்காராமல், சாயாமல். மூன்றரை மணிக்கு எனக்குக் கண் இருட்டிவிட்டது, இரண்டு முழுக்கால் இருந்தும். நீங்கள் பதினெட்டு வருடமாக நிற்கிறீர்கள். இதை நான் முன்பே செய்து பார்த்திருக்க வேண்டும்.

டிசம்பர் கூட்டத்துக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன். வடிவமைத்தவர் என்ற இடத்தில் முதலில் உங்கள் பெயர், இரண்டாவது என் பெயர். தலைவர் பார்த்துவிட்டு, "இவங்க என்ன படிச்சிருக்காங்க?" என்றார். "எண்பது அடுக்குத் துணியைக் கண்ணால அளந்து வெட்டுவாங்க சார். நீங்க ரெண்டு அடுக்கு வெட்டிக் காட்டுங்க, பெயரை எடுத்துடறேன்" என்றேன். பெயரை அடிக்க வாங்கிய பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பத்தாம் தேதி எனக்கு வேலை ஓடாது. எல்லாவற்றையும் எழுதுங்கள். எதையும் விட்டுவிடாதீர்கள்.

நாத்தனார்


ஜூன் 12

என் தங்கமே,

மாட்டியது ஆறே முக்கால். கழற்றியது மாலை ஆறு பத்து. முதலில் இதை எழுதிக்கொள், அப்புறம் மீதியைப் படி.

வந்த அதிகாரி ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையோடு, பேசவே காசு கேட்கிற ஆள். மேனேஜர் என்னைக் கை காட்டி, "இவங்கதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதிகாரி ஒரு நாற்காலியை என் மேஜைக்கு நேர் எதிரே போட்டு, நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு, என் பாவாடைக்குக் கீழே இரண்டு ஷூவையும் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். வணக்கம் சொன்னேன். ஷூவைப் பார்த்துத்தான் பதில் வணக்கம் வந்தது.

கத்தரி அண்ணனும் மற்றவர்களும் எனக்கு வருகிற துணியை ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்துக் கொடுத்தார்கள். கேட்காமலேயே தண்ணீர் வந்தது. எட்டு மணிக்கு மெஷினைப் போட்டேன்.

பத்து மணிக்கு ஒரு மிதி. பதினொன்றுக்கு ஒன்று. கம்பளி வைத்தாயே, உன் கைக்கு முத்தம். எனக்கே கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் பயம் வந்தது, வழக்கமாக ஆட ஆரம்பிக்கிற நேரம். இரண்டு மிதி கொடுத்தேன், கிண்ணம் காலைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்குக் கைக்குழி வளைவு. எண்பது அடுக்கு. கத்தி இறங்கிவிட்டது, பாதி வளைவில் கால் லேசாக வழுக்குகிற மாதிரி இருந்தது. நிறுத்தவில்லை. கண்ணைக் கோட்டிலிருந்து எடுக்கவில்லை. இடது காலால் இன்னும் இரண்டு மிதி. வளைவை முடித்துக் கத்தியை வெளியே எடுத்தபோது துணி வெண்ணெய் மாதிரி பிரிந்தது. கத்தரி அண்ணன் ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஹூம்" என்றார். அவர் வாயிலிருந்து பதினெட்டு வருடத்தில் எனக்கு வந்த இரண்டாவது ஹூம் அது.

சாயங்காலம் வரைக்கும் விட்டு விட்டு மிதித்ததையும் சேர்த்து மொத்தம் பதினாறு மிதி. உட்காரவில்லை. மேஜையைப் பிடிக்கவில்லை. அதிகாரி இரண்டு தடவை எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டார், உட்கார்ந்தே அலுத்துவிட்டது பாவம். போகும்போது நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைக்கு எனக்குக் கால் வலியைவிட அந்த நோட்டில் என்ன இருக்கிறதோ என்பதுதான் வலித்தது.

நேற்று அறிக்கை வந்தது. மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு வாசித்தார். பணியாளர் கட்டிங் மாஸ்டராகவே தொடரலாம் என்று கடைசி வரி. அதைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இதுக்கு முன்னாடி ஒரு வரி இருக்கு மாஸ்டர்" என்றார். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே எழுதுகிறேன்:

"பணியாளரின் இடது செயற்கைக் கால் நாள் முழுவதும் நிலைகொள்ளாமல் அசைந்துகொண்டிருந்தது. ஆயினும் இயற்கையான வலது கால் சிறிதும் தளராமல் உறுதியாக நின்று ஈடுகொடுத்ததால் பணிக்கு இடையூறு இல்லை."

மேனேஜர் என்னைப் பார்த்தார். எந்தக் கால் எது என்று அவருக்குத் தெரியும். "திருத்தி அனுப்பச் சொல்லட்டுமா?" என்றார். சிரிப்பை அடக்கி அடக்கி அவர் மீசை ஆடியது.

"எதுக்கு சார்? ஒரு நாள் முழுக்க உக்காந்து கண்ணால பாத்துட்டுத்தானே எழுதியிருக்காரு" என்றேன்.

நகல் வைத்திருக்கிறேன், அவர் கையெழுத்தும் முத்திரையும் தெளிவாக விழுந்திருக்கின்றன. டிசம்பரில் குழு முன்னால் வை. யாராவது படிப்பைக் கேட்டால் இந்தக் காகிதத்தைப் படிக்கச் சொல்.

உன் அண்ணி,
கட்டிங் மாஸ்டர்